மதாமின் புதன்கிழமைகள்

அப்பா அந்தக் கதிரையில் இருக்க மறுத்தார். வாய் திறந்து மறுக்கவில்லை. "இருங்கள்" என்று கதிரையைக் காட்டியதும் "வீ" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே நின்றார்.

பிரெஞ்சில் 'வீ' என்றால் ஓம், ஆம் என்று அர்த்தம். அப்பாவுக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அதுதான். மற்றப் பாதி 'மெர்சி', நன்றி.

கோடை தொடங்கிய நேரம், ஒரு புதன்கிழமை பின்னேரம். மொன்ட்ரியாலை ஒட்டிய சில சிறு நகரங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பொலிஸ் படையின் தலைமை அலுவலகம். அந்தக் கூட்ட அறையில் கோப்பி மணத்தது. மத்தியானம் யாரோ மைக்ரோவேவில் சூடாக்கிய மீனும் மணத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் படையின் தலைவர் மதாம் ரொபிதா, சீருடையில். தொப்பியை மடியில் வைத்திருந்தார். இந்தப் பக்கம் ஒரு முனையில் கொன்ஸ்தாபிள் மத்தியூ. மறுமுனையில் அப்பா, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சேட்டோடு. அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த காவ்யா. சென்னைப் பெண், இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்.

சுவரோரம், கடைசிக் கதிரையில், நான். மதாமின் உதவியாளன். அன்று மட்டும் வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

விஷயம் இதுதான். அப்பா பேக்கரி வான் ஓடுகிறார். விடியப்புறம் சென்ட் லோரன்ட் பகுதியில் பாண் ரொட்டியும் பணிஸ் பன்களும் ஏற்றி, அந்தச் சிறு நகரங்களின் கடைகளுக்குப் போடுவது வேலை. கொஞ்ச மாதங்களாக அவருக்குப் போக்குவரத்துக் குற்றங்களுக்கான பொலிஸ் டிக்கெட்டுகள் வந்தபடி இருந்தன. அத்தனையும் நிலைத்தால் லைசன்ஸ் போய்விடும். லைசன்ஸ் போனால் வேலையும் போய்விடும். ஐந்தாம் வகுப்போடு நின்ற, அறுபதைத் தொடப் போகும் ஒருவருக்கு இந்த நகரத்தில் அடுத்த வேலை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

"ஐயா, உக்காருங்க. மேடம் உக்காரத்தான் சொல்றாங்க" என்றார் காவ்யா.

"ஓம் பிள்ளை" என்றார் அப்பா. இருக்கவில்லை.

மதாம் விட்டுவிட்டார். "நீங்கள் இங்கே வந்தது பஸ்ஸிலா?"

"வீ, மதாம்."

"வானிலா?"

"வீ, மதாம்."

மதாம் பேனையை மேசையில் வைத்தார். பிறகு, எல்லா விசாரணையிலும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "இந்தப் படையில் வேலை செய்பவர் யாராவது உங்களுக்கு உறவா?"

காவ்யா அதைத் தமிழில் சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. அவர் என்ன சொல்லப் போகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பதிலுக்கு முன்னால் மதாமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

யாரும் இருக்கச் சொல்லவில்லை

சென்ற வாரம் இந்தப் பத்தியில், நான் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், எழுத்தராக இருந்த நாட்களை எழுதியிருந்தேன். மதாம் ரொபிதா அந்தக் கோட்டின் நீதவான். அவருக்குக் கீழே ஒரு சின்ன மேசையில் இருந்து, அவர் வரும்போது "எல்லோரும் எழும்புங்கள்" என்றும், அவர் அமர்ந்த பிறகு "இருக்கலாம்" என்றும் சொல்வது என் வேலைகளில் ஒன்று.

நீதவான் எப்படிப் பொலிஸ் தலைவரானார் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதிலே பெரிய இரகசியம் இல்லை. அந்தப் படையின் பழைய தலைவர் திடீரென்று விலகினார். படைக்குள் இரண்டு கோஷ்டி. மேயர்களுக்குள்ளும் இரண்டு கோஷ்டி. ஒரு பக்கத்துக்குப் பிடித்தவரை மறுபக்கம் ஏற்காது. மதாம் ரொபிதாவை இரு பக்கத்துக்கும் பிடிக்காது. இரு பக்கத்தின் வழக்குகளிலும் எதிராகத் தீர்ப்புச் சொன்னவர். ஆகவே ஏகமனதாகத் தெரிவானார்.

மதாம் ஏன் சம்மதித்தார் என்பதுதான் கேள்வி. நானும் கேட்டேன். "என்னிடம் வருவதெல்லாம் நடந்து முடிந்தவை, முசியே சுகந்தன்" என்றார். "நடக்கும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம்." என்னையும் கூட வரச் சொன்னார்.

முதல் நாள் காலை, இதே கூட்ட அறை. மதாம் உள்ளே வந்ததும் அதிகாரிகள் அனைவரும் எழுந்து நின்றார்கள். மதாம் அமர்ந்து அவர்களைப் பார்த்தார். அவர்களும் மதாமைப் பார்த்தார்கள். தலைவர் இருக்கச் சொல்லும்வரை நிற்பது அவர்களுடைய வழக்கம். தான் அமர்ந்ததும் வேறு ஒருவர் மற்றவர்களை இருக்கச் சொல்வார் என்பது மதாமின் வழக்கம். கனநேரம் அப்படியே போனது. துணைத் தலைவர் ரெனேக்கு முழங்காலில் வருத்தம். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

வேறு வழி தெரியாமல், கதவடியில் நின்ற நான் "இருக்கலாம்" என்றேன். எல்லோரும் இருந்தார்கள். அன்றோடு எனக்கு ஏதோ பெரிய பதவி என்று படைக்குள் ஒரு நம்பிக்கை. நான் மறுக்க மறுக்க அது வளர்ந்தது.

மற்றவர் எங்கே?

ஒரு தரப்பு இல்லாமல் மறு தரப்பைக் கேட்பது நீதவான் செய்யக்கூடாத வேலை. மதாம் அதைப் பொலிசுக்கும் கொண்டுவந்தார்.

முதல் வாரத்தில் ஒரு சார்ஜன்ட் வந்து, கதவைச் சாத்திவிட்டு, "மதாம், நமக்குள் இருக்கட்டும். அந்த லூக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்" என்று தொடங்கினார்.

மதாம் என்னைப் பார்த்தார். "லூக்கைக் கூப்பிடுங்கள்."

லூக் என்ற அந்தப் பொலிஸ்காரர் வந்தார். சார்ஜன்ட் வானிலையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மதாமின் கதவு எப்போதும் திறந்தே இருந்தது. யாரும் உள்ளே போகவில்லை.

மதாமின் வீடு இல்-பிசாரில். தீவுக்குள் தீவு, பஸ் குறைவு, மரங்கள் அதிகம். கோடையில் காரை ஃபெரியில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவார். ஒருநாள் நானும் கூடப் போனேன். ஃபெரியில் ஒருவர் மதாமை அடையாளம் கண்டு, பக்கத்து வீட்டு நாய் இராமுழுக்கக் குரைப்பதைப் பற்றிச் சொல்ல வந்தார்.

"நாயின் சொந்தக்காரரும் இந்த ஃபெரியில் இருக்கிறாரா?" என்று கேட்டார் மதாம்.

"இல்லை."

"அப்படியென்றால் நாம் ஆற்றைப் பார்ப்போம்."

பார்த்தார்கள். அக்கரை வரும்வரை இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

இதை எழுதுவதால் நான் மதாமைப் பெரிய வீராங்கனையாகக் காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவசரங்களில் அவர் சரியில்லை. ஒரு வசந்தத்தில் ஆறு பெருகித் தெருவுக்கு வந்தது. தெருவை மூடலாமா என்று வானொலியில் கேட்டார்கள். மூடுவதை யார் எதிர்க்கிறார்கள் என்று மதாம் கேட்டார். வெள்ளத்தின் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை. கடைசியில் ரெனே தன் பாட்டுக்குத் தெருவை மூடினார். அன்று பின்னேரம் மதாம் அவருக்கு நன்றி சொன்னார். கூடவே காரணங்களையும் கேட்டார். ரெனே, "தண்ணீர், மதாம்" என்றார்.

ஆனால் புதன்கிழமை விசாரணை மதாமுடைய யோசனை. பொலிஸ்காரர் ஒருவரைப் பற்றி யாருக்காவது குறை இருந்தால் புதன் பின்னேரம் வரலாம். அந்தப் பொலிஸ்காரரும் வருவார். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். தண்டனை இல்லை. டிக்கெட்டைக் கிழிக்கும் அதிகாரம் மதாமுக்குக் கிடையாது. அது அரச வழக்கறிஞர் வேலை. "பிறகு என்ன பிரயோசனம்?" என்று ரெனே கேட்டார். "கேட்பது" என்றார் மதாம். ரெனே அந்தப் பதிலைப் பல இடங்களில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

லோயருக்கும் மேல

எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். எனக்குக் கோட்டில் வேலை கிடைத்ததும் அம்மா அதைக் கோயிலில் முதல் ஆளிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"மகன் கோட்டில."

"லோயரோ?"

"லோயருக்கும் மேல. நீதவானுக்குப் பக்கத்தில இருக்கிறவர்."

இடத்தை வைத்துப் பார்த்தால் அது உண்மை.

மதாமோடு பொலிசுக்குப் போனபோது அம்மா அதை 'அரசாங்க வேலை' என்று மாற்றினார். அப்பா சாப்பாட்டைப் பிசைந்தபடி, "உடுப்புப் போடச் சொல்லுவினமோ?" என்று மட்டும் கேட்டார். உடுப்பு என்றால் சீருடை. இல்லை என்றேன். "அப்ப சரி" என்றார்.

அப்பா ஊரில் யுத்த காலத்தில் லொறி ஓடியவர். வழிமுழுக்கச் சென்றி, ஆமிச் சோதனைச் சாவடிகள். சீருடைக்காரன் கேட்பதற்கெல்லாம் கெதியாக ஓம் சொல்ல வேண்டும் என்பது அவர் அங்கே கற்றது. "லொறியில அரிசியோ?" "ஓம் சேர்." "சீமெந்தோ?" "ஓம் சேர்." இல்லை என்று சொல்பவனைத்தான் இறக்கி வைத்துக் கேட்பார்கள், ஓம் சொல்கிறவனோடு கதைக்க ஒன்றும் இல்லை, போகச் சொல்லிவிடுவார்கள். அப்படித்தான் தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததாக ஒருமுறை சொன்னார். வராமல் போனவர்களைப் பற்றி அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்தப் பழக்கத்தோடுதான் கனடாவுக்கும் வந்து இறங்கினார். இங்கே ஓம் சொன்னால் எழுதிக் கையில் தருவார்கள் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். டிக்கெட் வருவதே எனக்குத் தெரியாது.

தெரிய வந்தது அம்மாவால். ஒருநாள் மத்தியானம் அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தார்.

"தம்பி, கொப்பற்ர லைசன்ஸ் போகப் போகுது. உங்கட ஆக்கள்தான் விடியக்காலையில மறிக்கிறவை. எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டு, டிக்கெட்டையும் வாங்கி, மெர்சியும் சொல்லிப்போட்டு வாறார். நீ அந்தப் புதன்கிழமைக் கதை சொன்னனியெல்லே?"

"அம்மா, அது என்ர மதாம் செய்யிறது. வாறவர் என்ர அப்பா எண்டால் எனக்குத்தான் சிக்கல்."

நான் நினைத்தது வேறு. முறை பிசகும் என்பதைத்தான் சொன்னேன். அம்மாவின் காதில் அது மகனுக்கு வேலை போகும் என்று விழுந்திருக்கிறது. அதை அவர் அப்படியே அப்பாவிடம் கொடுத்துவிட்டார். பிறகு, என்னிடம் சொல்லாமலே, அலுவலகப் பொது எண்ணுக்கு ஃபோன் எடுத்து அப்பாவின் கையில் கொடுத்திருக்கிறார். எதிர்முனையில் இருந்த பெண், இந்தப் புதன் வரலாமா, அடுத்த புதன் வரலாமா, அதற்கடுத்த புதன் வரலாமா என்று கேட்டிருக்கிறார். அப்பா மூன்றுக்கும் 'வீ' சொல்லியிருக்கிறார். இந்தப் புதனைக் கொடுத்துவிட்டார்கள்.

காலையில் போட்ட திட்டம்

அன்று காலை புதன்கிழமைப் பட்டியலில் அப்பாவின் பெயரைக் கண்டு, மதாமின் திறந்த கதவைத் தட்டினேன். "இன்று பின்னேரம் வருபவர் என் அப்பா" என்றேன்.

மதாம் கண்ணாடியைக் கழற்றினார். கோட்டில் அவர் அதைக் கழற்றினால் ஒருவருக்குக் கூடாத நாள் என்று அர்த்தம்.

"அவருக்கு என்ன நடக்கலாம்?"

"லைசன்ஸ் போகலாம்."

"நான் கேட்கக்கூடாது என்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியும், மதாம்."

"ரெனே கேட்பார்."

அதுதான் பயம். ரெனே கெட்டவர் இல்லை. ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொண்டதுதான் என்பது அவருடைய சட்டம். அப்பா ரெனேக்கு முன்னால் போனால், இருக்கும் டிக்கெட்டுகளோடு இன்னும் நாலு குற்றத்தையும் ஒத்துக்கொண்டு வருவார்.

மதாம் முறையைச் சொன்னார். தொடக்கத்தில் உறவு இருக்கிறதா என்று கேட்பார். அப்பா ஓம் என்பார். மதாம் உடனே எழும்பி, ரெனேக்குக் கதிரையைக் கொடுப்பார். எல்லாம் வெளிச்சத்தில் நடக்கும். நான் பின்னால் இருந்து, வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

"அவர் ஓம் என்பாரா?" என்று கேட்டார்.

"அதில் மட்டும் சந்தேகமே இல்லை, மதாம்" என்றேன்.

அதனால்தான் பின்னேரம் ரெனே, கோப்பிக் கோப்பையோடு, வெளியே நடைக்கூடத்தில் தயாராக நின்றார்.

உந்தப் பெடியன்

"ஐயா, இங்க வேலை பாக்கறவங்க யாராச்சும் உங்களுக்குச் சொந்தமா?" என்று காவ்யா இரண்டாவது தடவை கேட்டார்.

அப்பா நிமிர்ந்தார். மதாமின் முகத்தைப் பார்க்கவில்லை, தோள்பட்டையைப் பார்த்தார்.

"நோன்" என்றார்.

இல்லை என்னும் அந்தச் சொல்லை அவர் பிரெஞ்சில் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. உச்சரிப்பு நன்றாக இருந்தது.

மதாம் என்னைப் பார்த்தார். அவருடைய நிலைமை எனக்கு விளங்கியது. உறவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதை அவர் சொன்னால், எதிரே நிற்கும் முறைப்பாட்டுக்காரரைப் பொய்யர் என்று தானே சொல்வதாகும். சொல்லாவிட்டால் தெரிந்துகொண்டே கேட்டவராவார்.

நான் எழும்பினேன். "மதாம், மன்னிக்க வேண்டும். இவர் என் அப்பா."

"முசியே சுகந்தன்" என்றார் மதாம், கோட்டில் கதைக்கும் அதே குரலில். "இவர் இல்லை என்கிறாரே."

காவ்யா அப்பாவின் பக்கம் குனிந்தார். "ஐயா, அவரு உங்க பையன்னு சொல்றாரு."

"ஆர், பிள்ளை? உந்தப் பெடியனோ?" அப்பா இப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். முன்பின் பழக்கமில்லாதவரைப் பார்ப்பதுபோல் நன்றாகவே பார்த்தார். "நான் கண்டதேயில்லை."

காவ்யா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, மொழிபெயர்த்தார். அது அவர் வேலை.

கொன்ஸ்தாபிள் மத்தியூ தொண்டையைக் கனைத்தார். "மதாம், இது என் விஷயம் இல்லை. ஆனால் மூக்கு ஒரே மூக்கு."

"அவன் படிச்ச பெடியன்" என்று அப்பா தொடர்ந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "நான் பாண் வான் ஓடுறனான். எனக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? அவனை ஒண்டும் கேக்காதையுங்கோ எண்டு சொல்லு பிள்ளை."

காவ்யா சொன்னார்.

"முன்பின் கண்டிராதவர் படித்தவர் என்று இவருக்கு எப்படித் தெரியும்?" என்று மதாம் கேட்டார்.

"பாத்தா விளங்குதுதானே" என்றார் அப்பா.

மதாம் தொப்பியை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பிறகு மத்தியூவிடம் திரும்பினார்.

"கொன்ஸ்தாபிள், இவர் ஒத்துக்கொண்டதாகத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்."

"ஒவ்வொரு தடவையும், மதாம். நான் ஒன்றும் கூட்டவில்லை. கையில் ஃபோன் இருந்ததா என்று கேட்டேன், ஆம் என்றார். பெல்ட் போடவில்லையா என்றேன், ஆம் என்றார். ஸ்டொப்பில் நிற்கவில்லையே என்றேன், ஆம் என்றார். பிறகு நன்றியும் சொன்னார். மரியாதையான மனிதர்."

"ஃபோனைக் கண்டீர்களா?"

"கையில் ஏதோ இருந்த மாதிரி..." மத்தியூ நிறுத்தினார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அப்பாவைப் பார்த்தார். "மதாம், நான் ஒன்று கேட்கலாமா?"

"அவரைக் கேளுங்கள்."

மத்தியூ அப்பாவிடம் பிரெஞ்சிலேயே மெதுவாகக் கேட்டார். "முசியே, அன்று நீங்கள் பெல்ட் போட்டிருந்தீர்களா?"

"வீ."

"போடவில்லையா?"

"வீ. மெர்சி."

மத்தியூ தலையைக் குனிந்தார். கழுத்துச் சிவந்தது. "இவருடைய ஆம் எனக்கு எதற்கும் உதவாது, மதாம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஸ்டொப் சைன் மட்டும்தான். அது என் கண்ணால் கண்டது. வான் நிற்கவேயில்லை, உருண்டு போனது."

காவ்யா அதைச் சொன்னதும் அப்பா முதல் தடவையாக டிக்கெட்டைப் பற்றி வாய் திறந்தார். "சடாரெண்டு பிறேக் போட்டால் பின்னால பணிஸ் எல்லாம் நசிஞ்சு போமெல்லே."

"அது ஒப்புதல்" என்றார் மதாம். "அதை எடுத்துக்கொள்ளலாம்."

"மற்றவை எல்லாம் நான் அவர் வாயைக் கேட்டு எழுதியவை என்று அரச வழக்கறிஞருக்கு நாளைக்கே எழுதுகிறேன்" என்றார் மத்தியூ.

"நான் உங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை."

"இல்லை, மதாம். நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை."

கதவு திறந்தது. ரெனே கோப்பியோடு எட்டிப் பார்த்தார். "நான் தொடங்கலாமா?"

"முடிந்துவிட்டது" என்றார் மதாம். ரெனே எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினார்.

தன்மேல் ஒரு முறைப்பாடு

அறை காலியான பிறகு மதாம் என்னைக் கூப்பிட்டார். "உறவு தெரிந்தும் நான் எழும்பவில்லை. நாளைக்கு மேயர்களிடம் என்மேல் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நீங்கள் அதைத் தட்டச்சு செய்யுங்கள்." கொஞ்சம் யோசித்தார். "இல்லை, நீங்கள் செய்யக்கூடாது. உங்களுக்கும் சம்பந்தம் இருக்கிறது."

அவரே ஒவ்வொரு விரலாகக் குத்தித் தட்டச்சு செய்தார். படையின் தலைவர் தன்மேல் தானே முறைப்பாடு கொடுத்ததை மேயர்கள் அதற்கு முன் கண்டதில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசிக்கிறார்கள். மதாம் இன்னும் அந்தக் கதிரையில் இருக்கிறார். வெள்ளம் வந்தால் ரெனே பார்த்துக்கொள்கிறார். புதன்கிழமை வந்தால் மதாம். அந்த முறைப்பாடு தீரும்வரை புதன்களில் எனக்கு மட்டும் அந்த அறைக்குள் இடமில்லை. முறை அதுதான். நான் கேட்கவும் இல்லை.

மத்தியூ சொன்னபடி எழுதினார். சில வாரங்களில் மற்ற டிக்கெட்டுகள் கைவிடப்பட்டன. ஸ்டொப் சைன் நிலைத்தது. லைசன்ஸ் தப்பியது.

ஆனால் அந்தப் புதன் பின்னேரம் இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. நான் வெளியே வந்தபோது அப்பா வானுக்குள் இருந்தார். கதவைத் திறந்து ஏறினேன். காலையில் ஏற்றிய பாணின் மணம் இன்னும் உள்ளே இருந்தது. அவர் கோவத்தில் இருந்தார்.

"உன்னை ஆர் எழும்பச் சொன்னது?"

"பொய் சொல்லேலாது அப்பா."

"நீ ஏன் சொல்லுறாய்? நான்தானே சொல்லிக்கொண்டு நிண்டனான். கொம்மா சொன்னவ, உன்ர வேலைக்கு ஆபத்தெண்டு."

"வேலைக்கு ஒண்டும் இல்லையப்பா."

வானை எடுத்தார். சென்ட் லோரன்ட் பக்கம் திரும்பும் லைற்றில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த மனிசி என்னை நம்பினவவோ?"

"இல்லையப்பா."

"அந்தப் பொலிஸ் பெடியன்?"

"அவரும் இல்லை."

"சென்னைப் பிள்ளை?"

"ஒருத்தரும் நம்பேல்லை. அதாலதான் விட்டவை."

அப்பா அதை யோசித்துப் பார்த்தார். லைற் மாறியது; பின்னால் ஒருவன் ஹோண் அடித்தான். அப்பா வானை மெதுவாக உருட்டினார்.

"நீ எழும்பிச் சொன்னதை நம்பினவையோ?"

"ஓம்."

"எல்லாரும்?"

"எல்லாரும் அப்பா."

"அது போதும்" என்றார்.